மூலப்பொருள் எண் பதினேழு

என்னை ஸ்டாக்கில் ஏற்றியது ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாம் தேதி, காலை பதினொன்றே காலுக்கு. நேரம் துல்லியமாகத் தெரியும். அதை என் கையிலேயே எழுதி ஒட்டினார்கள்.

நான் விஞ்ஞானி. நகலாக்கமும் ஸ்டெம் செல்லும் என் துறை. ஸ்டெம் செல் என்பது படிப்பு முடிந்து இன்னும் வேலைக்குப் போகாத பிள்ளை மாதிரி. ரத்தமாகவும் ஆகலாம், எலும்பாகவும் ஆகலாம், ஒன்றும் ஆகாமல் வீட்டிலேயே கிடக்கவும் செய்யலாம். எங்கள் நிறுவனத்தில் பெரும்பாலும் மூன்றாவதுதான். வேறொரு ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அக்காவுக்கு என் தொழில்மேல் துளியும் மரியாதை கிடையாது. "பத்தொம்பது வருஷமா நீ ஒரே ஒரு காப்பி எடுத்திருக்கேடா. நான் ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் எடுக்கிறேன், பின்பக்கமும் சேர்த்து" என்பாள்.

அந்த ஒரே காப்பியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் தொடங்கிய வருடம், மனிதத் தோலிலிருந்து ஸ்டெம் செல் தயாரிக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. தோல் யார் கொடுப்பது? ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு. குழு கூட ஒரு மேஜை. மேஜை வர எட்டு மாதம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, பொறுமை என்பதே கிடையாது. இடது முன்கையில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு, மிளகளவு தோலை எடுத்துத் தட்டில் வளர்த்தேன். பதினாறு தட்டு செத்துப்போயின, பதினேழாவது பிழைத்தது. படிவத்தில் 'மூலப்பொருள் பெறப்பட்ட இடம்' என்ற கட்டத்தில் 'நானே' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தப்பு அந்த ஒரு வார்த்தைதான்.

பதினேழு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. தினமும் அதற்குச் சாப்பாடு மாற்ற வேண்டும், விடுமுறை கிடையாது. பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு மட்டும். ஒரு தட்டில் வெள்ளையாகப் பொட்டளவு பூஞ்சை தெரிந்துவிட்டால் அறையே அலறும். பத்து நிமிடத்தில் அந்தத் தட்டு கட்டடத்தைவிட்டே வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் மற்ற எல்லாம் காலி. எங்கள் நிறுவனத்தில் வேகமாக நடக்கும் காரியம் அது ஒன்றுதான்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சரிபார்ப்பு அதிகாரி புதிதாக வந்தவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பதிவேட்டைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படிப்பார். என் மேஜைக்கு வந்து நின்றார்.

"பதினேழாம் நம்பர் செல்வரிசை இருக்கு. அதோட மூலப்பொருள் எங்க?"

"மூலப்பொருள் நான்தான் சார்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப இத்தனை வருஷமா ஸ்டாக்ல வராம வெளிய சுத்திக்கிட்டு இருந்திருக்கீங்க?"

"வெளிய எங்க சார் சுத்தறது? இங்கதான் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போவேன்."

"தினமும் போயிருக்கீங்க" என்று திருத்திவிட்டு, அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் விதி எண் நாற்பத்து நான்கை வாசித்தார். அது எங்கள் இயக்குநரின் ஆட்டால் வந்த விதி. இயக்குநர் ஒருகாலத்தில் ஓர் ஆட்டை நகலெடுத்தார். வரவேற்பறையில் இரண்டு ஆடுகளோடு அவர் நிற்கும் படம் இருக்கிறது. எது அசல், எது நகல் என்பதை ஒரு குழு இன்னமும் ஆராய்ந்து வருகிறது. நகல் ஆடு நிறுவனச் சொத்து, அசல் ஆடு யார் சொத்து என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் அசல் ஆடு காணாமல் போனது. அன்றைக்குக் கேன்டீனில் என்றுமில்லாத கூட்டம். அதற்குப் பிறகு வந்ததுதான் நாற்பத்து நான்கு: நகல் நிறுவனச் சொத்து என்றால் மூலமும் நிறுவனச் சொத்து, மூலத்திலிருந்து எது வந்தாலும் அதுவும் நிறுவனச் சொத்து, எதுவும் வளாகத்தைத் தாண்டக் கூடாது.

என் சட்டைக் கையை மடித்துவிட்டு, பழைய தழும்பின்மேல் ஒரு லேபிளை ஒட்டினார். திரவ நைட்ரஜனில் முக்கினாலும் உரியாத லேபிள் அது. வாங்கச் சொல்லிப் பரிந்துரைத்தவனே நான்தான். ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், எதற்கும் அசர மாட்டார். "வாங்க சார். ஃப்ரிட்ஜுக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் நடுவுல உங்களை எழுதியிருக்கேன். நல்ல இடம்" என்றார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்று மத்தியானமே அக்கா போன் செய்தாள். அவளுக்கு ரத்தப் புற்று என்று தெரிந்து ஏழு மாதம். மருந்தெல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி வேறொருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றினால்தான் உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம்.

"டேய், பொருந்துதாம்டா! பத்துக்குப் பத்து. சின்ன வயசுல என் மார்க் ஷீட்டைப் பாத்து நீ ஒரு தடவையாவது இப்படி வாங்கியிருக்கியா?"

அவள் தேதிகளை வாசித்தாள். பதினைந்தாம் தேதி அவளுக்கு மருந்து ஆரம்பிக்கும். அது அவள் எலும்பு மஜ்ஜையை முழுவதுமாக அழித்துவிடும். பதினெட்டாம் தேதி காலை எனக்கு முதல் ஊசி. இருபத்திரண்டாம் தேதி என் ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்து அவளுக்கு ஏற்றுவார்கள்.

"மருந்து ஆரம்பிச்சுட்டா திரும்ப வழி கிடையாதாம்டா. உன் செல் வரலன்னா என் உடம்புல ரத்தம் ஊற ஆளே இல்ல. டாக்டர் உன்னைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிப்பேங்கிறார்."

"லீவு போட்டுட்டுச் சொல்றேன்க்கா."

வியாழக்கிழமை லீவு உத்தரவு வந்துவிட்டது, மூன்று வாரம், இயக்குநர் கையெழுத்தோடு. எங்கள் நிறுவனத்தில் இரண்டே நாளில் ஒரு காகிதம் வந்ததே கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டு, "ஆரம்பிக்கச் சொல்லு" என்றேன். என் மனைவி அன்றே கிளம்பி அக்காவுக்குத் துணையாகப் போய்விட்டாள். நான் வளாகக் குடியிருப்பில் தனியாக உட்கார்ந்து பெட்டி கட்டினேன்.

திங்கட்கிழமை காலை பெட்டியோடு வாசலுக்கு வந்தேன். காவலர் என் கையில் கருவியைக் காட்டினார். அது கத்தியது.

"சார், நீங்க தாராளமாப் போகலாம். உங்க லீவு இங்க வந்திருக்கு" என்றார் காவலர், பாவம், நல்ல மனிதர். "ஆனா இந்த மூலப்பொருள் போகக் கூடாது."

"ரெண்டும் ஒண்ணுதானப்பா!"

"எனக்குப் புரியுது சார். மெஷினுக்குப் புரியலையே."

அந்த நேரத்தில் போன் அடித்தது. அக்கா. "ஏத்த ஆரம்பிச்சுட்டாங்கடா. கையில ஜில்லுன்னு இருக்கு. நீ கிளம்பிட்டியா?" என்றாள். "வாசல்லதான்க்கா நிக்கிறேன்" என்றேன். பொய் சொல்லவில்லை.

இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பிறகு பேசினார். அவர் தனியாக ஒருவரிடம் பேசினாலும் ஐந்நூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"டாக்டர், நான் ஈவு இரக்கம் இல்லாதவன் கிடையாது. ஸ்டாஃபா நீங்க லீவு கேட்டீங்க, ரெண்டே நாள்ல குடுத்தேன். ஸ்டாக்கா நீங்க வெளிய போறதுக்கு மனு குடுக்கவே இல்லையே? நம்ம வாசல்ல என்ன எழுதியிருக்கு? 'ஒவ்வொரு செல்லும் ஓர் உயிருக்காக.' எந்த உயிருக்குன்னு முடிவு பண்ண ஒரு துணைக்குழு இருக்கு. அவங்க அவசரப்படலை, நீங்க ஏன் அவசரப்படறீங்க? பத்தொம்பது வருஷத்துல இங்கேருந்து ஒரு செல்லாவது வெளிய போயிருக்கா? ஒரு நோயாளிக்காவது? ஒண்ணுகூடக் கிடையாது. எந்த நாட்டு நிறுவனமும் இப்படி ஒரு பாதுகாப்பைக் காட்ட முடியாது. அந்த ரெக்கார்டை உங்க அக்கா ஒருத்தருக்காக உடைக்கணுமா?"

"சார், அவளுக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. நான் போகலன்னா செத்துப்போயிடுவா."

"வருத்தமா இருக்கு. ஆனா நீங்க பாட்டுக்குச் சுவர் ஏறிக் குதிச்சுப் போனீங்கன்னா, அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்க எழுத வேண்டி வரும். திருட்டுப் பொருளை எந்த ஆஸ்பத்திரியும் நோயாளிக்கு ஏத்தாது." இதையும் அவர் மிக அன்பாகத்தான் சொன்னார். "நாளைக்கே நெறிமுறைக் குழுவைக் கூட்டறேன். உங்களுக்காக. இப்ப சந்தோஷமா?"

ஆய்வகத்துக்குப் போகலாம் என்றால் கதவு திறக்கவில்லை. நான் லீவில் இருக்கிறேனாம். வெளியே போக விடாமல் ஒரு கதவு, உள்ளே போக விடாமல் ஒரு கதவு. நடுவில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். அன்று முழுவதும் அதில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்குத்தானே குழு, நியாயமான மனிதர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஞ்ஞானிக்கு இவ்வளவு நம்பிக்கை ஆகாது.

நெறிமுறைக் குழுவில் ஒன்பது பேர். தலைவி தத்துவம் படித்த அம்மையார், தழுதழுத்த குரல். மனிதகுலத்தின்மேல் அவருக்கு இருந்த பாசத்துக்கு அளவே கிடையாது. தனி மனிதர்களைப் பார்த்தால்தான் சங்கடப்படுவார்.

"மூலப்பொருளோட சம்மதம் வாங்கியாச்சா?"

"நான்தாம்மா மூலப்பொருள். முழுச் சம்மதம்."

"உங்க சம்மதத்தை எடுத்துக்க முடியாதே. நீங்க சம்பந்தப்பட்ட ஆளு, பயனாளி உங்க அக்கா. இதுல சுயநலம் இருக்கு."

"அப்ப யாரு சம்மதிக்கணும்?"

"சம்பந்தமே இல்லாத யாராவது" என்றார், தலையைச் சாய்த்து. பக்கத்தில் இருந்த புள்ளியியல் நிபுணர் விழித்துக்கொண்டு, "ஒப்பீட்டுக் குழு எங்க?" என்று கேட்டார்.

"என்ன ஒப்பீடு சார்?"

"செல் ஏத்தின அக்கா, ஏத்தாத அக்கா. ரெண்டையும் பார்த்தாத்தானே பலன் தெரியும்? உங்களுக்கு எத்தனை அக்கா?"

"ஒண்ணு."

அவர் உதட்டைப் பிதுக்கினார். "குறைஞ்சது முப்பது அக்கா வேணும். ஒரு அக்காவை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று கத்தினேன். "அவ ஒருத்திதாங்க! எங்கம்மா செத்தப்புறம் எனக்குச் சட்டைக்குப் பட்டன் தெச்சுப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினவ! இன்னும் ஆறு நாள்ல அவ உடம்புல ஒரு செல் மிச்சம் இருக்காது. என் உடம்புல வழிய வழிய இருக்கு, எனக்கு வேண்டாம்கிற அளவுக்கு இருக்கு! அதைக் குடுக்க விடாம நீங்க எல்லாம் உக்காந்து என்னத்தைக் காப்பாத்தறீங்க?"

தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கு. இதை மினிட்ஸ்ல அப்படியே சேர்த்துக்கலாம்" என்றார். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து என்று சேர்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை மறுபடியும் பெஞ்ச். அத்தான் போன் செய்தார். அக்காவுக்கு வாந்தி நிற்கவில்லை, முடி கொட்டும் என்று முன்கூட்டியே மொட்டை அடித்துவிட்டார்கள், வாயெல்லாம் புண்ணாகும் என்று சொல்லியிருக்கிறார்களாம். "நீ எங்க மாப்ள இருக்கே?" என்றார். நான் அழுதுவிட்டேன். போனை வைத்துவிட்டு, ஷூவைக் கழற்றி, கால்விரல் இடுக்கைச் சொறிந்தபடியே அழுதேன். ஆய்வக ஷூவுக்குள் நாள் முழுக்கக் கால் வேகும். எனக்குப் பல வருடமாகச் சேற்றுப்புண்.

ஸ்டோர்கீப்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதிரே வாசலில் மஞ்சள் பைகளை ஏற்றிய கழிவு வண்டி நிற்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"சார், இங்க ஒரு பொருள் உள்ள வர பதினோரு கையெழுத்து. வெளிய போகப் பதினாலு. குப்பைக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு. ஏன்னா குப்பைக்கு யாரும் பொறுப்பேத்துக்க மாட்டாங்க. வெளிய போனப்புறம் அது நம்மளதே இல்லைன்னு எழுதியும் குடுத்துடுவாங்க."

"அதுக்கு நான் குப்பையாகணுமே?"

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அது என்னது?"

"சேத்துப்புண்."

"அது எதனால வருது?"

பத்தொன்பது வருடம் ஆய்வகத்தில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள். "பூஞ்சை" என்றேன். சொன்ன மாத்திரத்தில் ஸ்டோர்கீப்பர் போனை எடுத்துவிட்டார்.

நாலு நிமிடத்தில் சரிபார்ப்பு அதிகாரி வந்துவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. என் காலைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் நாலடி பின்னால் துள்ளினார்.

"பூஞ்சை! மூலப்பொருள்லயே பூஞ்சை! இதைப் போய்த் திறந்த வெளியில உக்கார வெச்சிருக்கீங்களே! தூக்குங்க, உடனே தூக்குங்க!"

கழிவுச் சான்றிதழை மூச்சுவிடாமல் எழுதினார்: 'மாசுபட்டது. பயனற்றது. இதன்மேல் நிறுவனத்துக்கு இனி எந்த உரிமையும் இல்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர், "விதிப்படி வெளிய அனுப்பறதுக்கு முன்னால ஆட்டோகிளேவ்ல வெக்கணும். நூத்தி இருபத்தொரு டிகிரி நீராவி, இருபது நிமிஷம்" என்றார்.

ஸ்டோர்கீப்பர் அசரவில்லை. "அது ரிப்பேர் சார், ரெண்டு வருஷமா. ஆள் வந்து பார்க்கணும்."

அந்த மெஷினைப் பழுதுபார்க்கச் சொல்லி இரண்டு வருடமாக மனு எழுதியவன் நான். ஒரு மனுவையும் பிரித்துப் பார்க்காத எங்கள் நிர்வாகத்துக்கு அன்றுதான் முதல்முறையாக மனதார நன்றி சொன்னேன்.

மஞ்சள் பைகளுக்கு நடுவில், மடியில் பெட்டியோடு வாசலைத் தாண்டினேன். கருவி கத்தவில்லை. காவலர் மட்டும், "போயிட்டு வாங்க சார்" என்றார். குப்பையிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று யாரும் அவரைக் கண்டிக்கவில்லை.

பதினெட்டாம் தேதி காலை ஊசி போட்டார்கள். எலும்பெல்லாம் குடைந்தெடுத்தது. இருபத்திரண்டாம் தேதி ஐந்து மணி நேரம் ஒரு மெஷின் பக்கத்தில் கிடந்தேன். ஒரு கையிலிருந்து ரத்தம் போய் மறு கைக்கு வந்தது. கடைசியில் ஒரு சின்னப் பை, தக்காளி ரசம் மாதிரி ஏதோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மொட்டைத் தலையோடு அக்கா அதைப் பார்த்தாள். போனில், "இவ்வளவுதானா? இதுக்குத்தான் பத்தொம்பது வருஷமா?" என்று கேட்டாள். பதினேழாம் நாள் அவள் ரத்தத்தில் புது செல் தெரிந்தது. நான் நடைபாதையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

விஷயம் எங்கள் நிறுவனத்துக்கு எட்டியது. இயக்குநர் பேட்டி கொடுத்தார். "எங்கள் பதினேழாம் எண்ணின் மூலப்பொருள் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதற்கு நாங்கள் கொடுத்த ஒத்துழைப்பு கொஞ்சநஞ்சமல்ல" என்று பின்னால் இரண்டு ஆடுகளின் படம் தெரியச் சொன்னார். அடுத்த நாளே ஸ்டோர்கீப்பர் போன் செய்து, "சார், கழிவை ரத்து பண்ணி உங்களை மறுபடியும் ஏத்தியாச்சு. ஃப்ரிட்ஜுக்கும் மைக்ரோஸ்கோப்புக்கும் நடுவுலதான். கால்ல மருந்து போட்டுட்டு வரச் சொல்றாங்க" என்றார். குடியிருப்பும் சம்பளமும் ஓய்வூதியமும் அங்கே. போகாமல் எங்கே போவது? போனேன்.

நாலு மாதம் கழித்து அக்காவுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அவள் அழைத்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன், 'மூலப்பொருள், ஒருநாள் வெளியேற்ற அனுமதி' என்ற சீட்டோடு. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தபாலை என்னிடம் நீட்டினாள்.

நாற்பத்து நான்காம் விதி. மூலத்திலிருந்து எது வந்தாலும் அது நிறுவனச் சொத்து. அக்காவின் உடம்பில் இப்போது ஓடுவது என் செல்லிலிருந்து ஊறிய ரத்தம். எனவே அவள் பதினேழின் கிளை ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து ஸ்டாக் சரிபார்ப்புக்கு உட்பட வேண்டும். இருபது வருடத்துக்கும் தேதி அச்சடித்து, ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் சீல் குத்தி, கீழே இயக்குநரின் கையெழுத்து.

எனக்கு ரத்தம் கொதித்தது. "கிழிச்சுப் போடறேன்க்கா இதை. என்னைப் பிடிச்சு வெச்சது போதாதுன்னு உன்னையுமா? என்னாலதான் நீயும் மாட்டிக்கிட்டே."

"குடுடா இங்க" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். தேதிகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். விரல் இன்னும் மெலிவாகத்தான் இருந்தது.

"எத்தனை வருஷம் இருப்பேன்னு டாக்டர்கிட்ட எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன். ஒரு வருஷம் போகட்டும், பாக்கலாம்கிறார். அதுக்கு மேல வாயே திறக்க மாட்டேங்கிறார்" என்றாள். விரல் கடைசி வரியில் நின்றது. "இது என்ன கிழமைன்னு பாரு."

போனில் காலண்டரைத் தள்ளிக்கொண்டே போனேன். இருபது வருடம் தள்ள நேரம் பிடித்தது.

"ஞாயித்துக்கிழமைக்கா."

"ஞாயித்துக்கிழமை உங்க ஆபீஸ் உண்டாடா?"

"கிடையாது."

"அப்ப திங்கட்கிழமைக்கு மாத்தச் சொல்லி எழுது" என்றாள் அக்கா. "நான் கண்டிப்பா வர்றேன்னும் எழுது."